கீழத்தெருவின் பாட்டுக்குழாய்

எங்கள் ஊர் டவுன் பஞ்சாயத்தில் பெண்ணுக்கு ஓர் இடம், கீழத்தெருவுக்கு ஓர் இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தபோது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆளாக அம்சவல்லியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஒரு நாற்காலி மிச்சம் பாருங்கள். நாற்று நடுகிறவள் வந்து என்ன பேசிவிடப் போகிறாள் என்று நினைத்தவர்கள் நன்றாக ஏமாந்தார்கள். அவள் பேசினாள், பேசி ஜெயிக்கவும் செய்தாள். அப்படி அவள் ஜெயித்ததை நினைத்தால் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

விஷயம் பூங்கா ரேடியோ. குத்தாலம் ரோட்டோரம் பஞ்சாயத்துப் பூங்கா. முள்கம்பி வேலி, நாலைந்து சிமெண்டு பெஞ்சு, நடுவில் ரேடியோ ரூம், அதன் மொட்டை மாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் ஆபரேட்டர் பக்கீர் முகம்மது வந்து ரூமைத் திறந்தால் பாட்டு, நெல் விலை, மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், மாநிலச் செய்தி எல்லாம் வரும். முன்பெல்லாம் கீழத்தெரு ஆண்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் கேட்பார்கள். கூலித் தகராறில் அறுப்பு நின்றுபோன வருஷம் அம்சவல்லியின் புருஷன் மருதையன், சலவைச் சட்டையோடு உள்ளே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். எல்லோரும் சமம் என்று மேடைக்கு மேடை பேசுகிற ஆட்சி. எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

அந்த எரிச்சல் அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மிராசுதார் மெம்பர் கோவிந்தராசு ஆரம்பித்தார்.

"குடிக்க நல்ல தண்ணி இல்ல, தெருவுல விளக்கு இல்ல. இந்த லட்சணத்துல ஆபரேட்டர் சம்பளம், லைசென்சு, ரிப்பேருன்னு ரேடியோவுக்கு அழுவணுமா? நிறுத்திடலாம்."

பிரசிடெண்டு துரைராசு ஆளுங்கட்சி. மிராசுதாரையும் பகைக்க முடியாது, கீழத்தெரு ஓட்டையும் விட முடியாது. "மெம்பருங்க அபிப்பிராயம் சொல்லுங்க" என்று பொதுவாக ஒரு வார்த்தை விட்டார்.

அம்சவல்லி எழுந்தாள். கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய்த் தெருப் பெண்களையெல்லாம் கேட்டுவைத்திருந்தாள்.

"ரேடியோவை நிறுத்தக் கூடாதுங்க. இன்னும் ஒண்ணு கேக்குறேன். ஆம்பளைங்க பூங்காவுக்கு வந்து கேக்குறாங்க. வயல்லேருந்து வந்து உலை வைக்கிற பொம்பள எப்பங்க கேக்குறது? வாய்க்காலைத் தாண்டி ஒயர் இழுத்து எங்க தெருவுலயும் ஒரு குழாய் கட்டிக் குடுங்க."

சண்டை போடத் தயாராகத்தான் வந்திருந்தாள். கோவிந்தராசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்சவல்லி அம்மா கேக்குறது நியாயம். நான் வழிமொழியிறேன்" என்றார்.

அதுவரை அவளைப் பெயர் சொல்லிக்கூட அவர் கூப்பிட்டதில்லை. அன்றைக்குப் பெயரோடு அம்மாவும் சேர்ந்து வந்தது. பாவி மகளுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? கண் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு ரிப்பேருக்கு வைத்திருந்த பணத்தைக் குழாய்க்கு மாற்றினார்கள்.

குழாய் கட்டிய அன்று கீழத்தெருவைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் மீன் அலசிக்கொண்டே கூடவே பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைவாசலில் உட்கார்ந்து நெல் விலை கேட்ட கிழவி ஒருத்தி, "அடப்பாவிங்களா, இதுவா விலை? நமக்கு என்ன போட்டான்?" என்று கணக்குக் கேட்க ஆரம்பித்தாள். அம்சவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை.

மருதையன் வழக்கம்போலப் பூங்காவுக்குப் போனான். பெஞ்சில் கோவிந்தராசு இருந்தார். அதட்டவில்லை, சிரித்த முகமாகவே கேட்டார்.

"என்ன மருதையா, உங்களுக்குன்னு தனியா குழாய் கட்டிக் குடுத்தாச்சே. உன் பொண்டாட்டி கேட்டு வாங்குனது. அங்க கேக்காம இங்க எதுக்கு வந்து நெருக்குற?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கீர் முகம்மது ரேடியோவில் ஏதோ கோளாறு என்பதுபோல் ரூமுக்குள் போய்விட்டார். எழுந்திரு என்று யாராவது மிரட்டியிருந்தால் மருதையன் கூலிக்காரர் சங்கத்து ஆட்களோடு வந்து நின்றிருப்பான். அன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் கூட வருகிறவர்கள் யாரும் வரவில்லை. நாளெல்லாம் சேற்றில் நின்றவர்கள், வாசலிலேயே பாட்டு வரும்போது எதற்காக அவ்வளவு தூரம் நடப்பார்கள்?

"ஏன்யா அதுக்குள்ள வந்துட்ட?" என்றாள் வீட்டு வாசலில் நின்ற அம்சவல்லி.

நடந்ததைச் சொன்னான். அவள் முகம் செத்துப்போயிற்று.

"இப்பிடி ஆவும்னு நீயாச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"தெருவுல இருக்குற அத்தனை பேரையும் கேட்ட. என்னைக் கேட்டியா?" சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "பாட்டு கேக்கவா புள்ள நான் அங்க போனேன்?"

அடுத்த கூட்டத்தில் குழாயை எடுத்துவிடுங்கள் என்று அவளே எழுந்து சொன்னாள். துரைராசு கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க கேட்டதுதானேங்க? குடுத்ததைப் புடுங்கிட்டோம்னு எங்களுக்குல்ல கெட்ட பேரு." செய்தி தெருவுக்குப் போனதும் பொன்னுத்தாய் சண்டைக்கு வந்தாள். "உன் புருஷன் பெஞ்சுல உக்காரணும்னு எங்க காதை அடைக்கிறியா?" அவள் கேட்டதிலும் தப்பு இல்லை. அதுதான் அம்சவல்லியை ஒன்றும் செய்ய விடவில்லை. வா, நாம ரெண்டு பேரும் போய் உக்காருவோம் என்று மருதையனைக் கூப்பிட்டும் பார்த்தாள். அவன் காதில் விழாத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மறுவருஷ பட்ஜெட்டில் ரேடியோவை நிறுத்தச் சொல்லி யாரும் பேசவில்லை. கிளார்க் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். கீழத்தெரு ஒலிபெருக்கி பராமரிப்பு என்றதும் கோவிந்தராசுவின் கைதான் முதலில் உயர்ந்தது. மற்றவர்களும் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார்கள். கடைசியாக அம்சவல்லியும் கையைத் தூக்கினாள். ஏகமனதாக நிறைவேறியது என்று கிளார்க் எழுதிக்கொண்டார்.