மதகு வாயில் போட்ட பொரி

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த ரத்தினசாமிக்குக் குலசாமி முருகன். கோயில் மட்டும் தெற்கே, அமராவதி ஆற்றங்கரையில். கோயில் படிக்கு முன்னால் ஒரு மடு. அதில் பொம்மீன்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், முதுகில் பொன் பூசினது மாதிரி மினுக்கும். மற்ற இடத்திலெல்லாம் அந்த மீன் அருகிப்போச்சு, கண்ணுகளா. சாமி மீன் என்று யாரும் தூண்டில் போடாததால் அங்கே கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவர் மனைவி முத்தாயி மங்கலத்துக்காரி. நொய்யல் ஆற்றில் சாயப்பட்டறைத் தண்ணி ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் இந்த மடுவைப் பார்த்து, "ஆத்துல மீனெல்லாம் இருக்குமுங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை பித்தளைப் போசி நிறையப் பொரி கொண்டுவருவாள். படிக்கல்லில் போசியை டங் டங்கென்று தட்டித் தட்டித்தான் கொட்டுவாள். சத்தம் கேட்டாலே மீனெல்லாம் வாயைத் திறந்துகொண்டு வந்துவிடும்.

மடுவுக்குச் சற்றுக் கீழே வாய்க்கால் மதகு. வயலுக்குத் தண்ணீர் திறக்கிற அன்று மதகில்தான் பூசை. அன்றைக்குப் பொரியும் மதகு வாயிலேயே போடுவது வழக்கம்.

ஆனால் வருஷா வருஷம் மீன் குறைந்துகொண்டே வந்தது. எவனோ வெடி போட்டுப் பிடிக்கிறான் என்று நினைத்து முத்தாயி ஒருநாள் சாமி முன்னால் மண்ணை வாரித் தூற்றி, "அவன் வெளங்குவானா!" என்று சாபமும் விட்டாள்.

இரண்டாயிரத்து ஆறில் தண்ணீர் திறந்த அன்று, மதகுக்காரர் சாமியப்பன் சக்கரத்தைச் சுற்றினார். முத்தாயி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போசியைத் தட்டிப் பொரியைக் கொட்டினாள். மீன்கள் கூட்டமாக வந்தன. போட்ட பொரி எங்கே போகிறதென்று அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தாள். பொரியைத் தண்ணீர் இழுத்தது. பொரி பின்னாலேயே மீனும் போனது. வால் பிளந்த பெரிய மீன் முதலில், மற்றதெல்லாம் அதன் பின்னால், மதகுக்கடியில் நுழைந்து வாய்க்காலுக்குள்.

"ஐயோ மாமா! வெடியுமில்ல, ஒண்ணுமில்லீங்க. நான்தான் கூப்புட்டுக் கூப்புட்டு உள்ள தள்ளியிருக்கறேன்!" என்று பக்கத்தில் நின்ற ரத்தினசாமியிடம் கத்தினாள்.

வாய்க்காலுக்குள் போன மீன் வயலுக்குப் போகும். தண்ணீர் வற்றினால் சேற்றில் கிடந்து சாகும். மடுவில் இப்போது ஒன்றுகூட இல்லை.

"சாமியப்பண்ணா, மூடுங்க!"

"ஏனம்மிணி," என்று வயல்காரர் அர்த்தநாரி முன்னால் வந்தார். "மூடிப்போட்டா எங்க நாத்துக்கு ஆரு தண்ணி ஊத்துவா? உங்கூட்டுக்காரர் பட்டறைக் கொடத்துல கொண்டாருவாரா?"

சாமியப்பன் தலையைச் சொறிந்தார். "வாய்க்கால்ல கீழ, வயலுக்குப் பிரியற எடத்துல இருக்கற ரெண்டாவது மதகு இன்னும் மூடித்தானுங்க கெடக்குது. அதைத் தொறக்காம வெச்சா, வாய்க்கால் நெறஞ்சு ஆத்து மட்டத்துக்கு வந்துரும். அப்ப இழுப்பு நின்னுபோகும். மீனு வந்த வழியே திரும்பலாம். திரும்புமான்னு நான் சொல்ல முடியாதுங்க."

"பொழுது சாயற வரைக்கும்தான்," என்றார் அர்த்தநாரி. "அப்பறம் நானே போய்த் தொறந்துருவேன், சொல்லிப்போட்டேன்."

முத்தாயி ஒரு பொரியை மதகு வாயில் போட்டாள். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மெதுவாகப் போனது. வெயில் இறங்கியது. அடுத்தது போட்டாள். போட்ட இடத்திலேயே மிதந்தது.

ஓடிப்போய்க் கோயில் படியில் இறங்கித் தட்டினாள். டங், டங். எதுவும் வரவில்லை. மறுபடி தட்டினாள்.

"புள்ள, போசியைத் தண்ணிக்குள்ள பாதி அமுக்கித் தட்டு," என்றார் ரத்தினசாமி. "சத்தம் தண்ணியிலதான் தூரமாப் போகும்."

அப்படியே தட்டினாள். எல்லோரும் வாய்க்காலையே பார்த்தார்கள்.

"வருது!" என்று மதகு மேலிருந்து கத்தினவர் அர்த்தநாரி. "ஏனுங்க, வருதுங்க! அடடா, எம்மாம் பெருசு!"

ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டமே மதகைத் தாண்டி மடுவுக்கு வந்தது.

"மூடட்டுங்களா?" என்றார் சாமியப்பன்.

"இருங்கய்யா, என்ன அவசரம்? வால் பிளந்தது இன்னும் வரல. அம்மிணி, நிறுத்திப்போடாதே, தட்டு!"

பொழுது சாய்ந்தே போனது. அர்த்தநாரி அதைக் கவனிக்கவே இல்லை. கடைசியாக அந்தப் பெரிய மீன், கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த மாமன்போல, அசைந்து அசைந்து வந்தது. சாமியப்பன் மதகை இறக்கினார். முத்தாயி படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

"நாத்து ஒரு நாள் பொறுக்குமுங்க," என்றார் அர்த்தநாரி, யாரும் கேட்காமலே.

மறுநாள் ரத்தினசாமி பட்டறையிலிருந்து கம்பிச் சட்டம் அடித்துக் கொண்டுவந்து மதகு வாயில் பொருத்தினார். அதன் பிறகுதான் தண்ணீர் திறந்தார்கள். பூசை இன்றும் மதகில்தான். பொரி மட்டும் கோயில் படியில்.

முத்தாயிக்கு ஒரே ஒரு கவலை பாக்கி. "மாமா, அன்னிக்கு நான் விட்ட சாபம் என்னையில்லீங்களா சேரும்?"

வால் பிளந்த மீன் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்து நின்றது.

"அது கிட்டயே கேளு," என்றார் ரத்தினசாமி. "மொதல்ல பொரியைப் போடு, பசியில நிக்குது பாரு."