ஐந்து மணிக் கடிதம்

நாலு நாற்பதுக்குப் புதுக் கேபிளைச் செருகினேன். கணினித் திரையில் அதற்கான இணைப்பு வாசல், சீரியல் போர்ட், முளைத்தது. அரை நொடிதான், காணாமல் போய்விட்டது. பிடுங்கிச் செருகினேன். மறுபடியும் அதே கண்ணாமூச்சி. ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்க்கும் என் மகள் வாரம் ஒருமுறை, சரியாக ஐந்து மணிக்கு, அமெச்சூர் ரேடியோவில் எங்களுக்குக் கடிதம் அனுப்புவாள். குரலாக அல்ல, கணினியில் எழுத்தாகவே வரும். ஐந்து பத்துக்கு அவளுக்கு வேலை தொடங்கிவிடும், அதற்குள் எங்கள் பதில் போயாக வேண்டும். ரேடியோவோடு இருக்கும் மோடம் இந்தக் கேபிள் வழியாகத்தான் கணினியோடு பேசும். பழைய கேபிள் காலையில் உயிரை விட்டிருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்ட பெட்டிக்குள் ஆள் கத்தினாலும் பதற மாட்டேன். அன்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்ட்டைத் திறக்க எனக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கடைசியில் கணினியை இயக்கும் லினக்ஸின் பதிவுகளை உருட்டியபோது ஆசாமி அகப்பட்டான்: தடவிப் படிக்கும் எழுத்துக்கான பிரெய்ல் மென்பொருள். சில பிரெய்ல் கருவிகளிலும் இந்தக் கேபிளில் இருக்கும் அதே 'சிப்'தானாம். என் கேபிளையும் தன் கருவி என்று நினைத்து அது வாரி எடுத்துக்கொள்கிறது. 'தூக்கிவிடு, யாருக்கும் தேவையில்லை' என்று இணையத்தில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

என் வீட்டில் தேவை. என் மனைவிக்குக் கண் தெரியாது. மகளின் கடிதத்தை, புள்ளிகள் எழும்பும் பிரெய்ல் பட்டையில் விரலை ஓட்டி அவள்தான் முதலில் படிப்பாள். அதுவரை திரையை நான் அணைத்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இந்த ஒரு கேபிளை மட்டும் விட்டுவிடும்படி அந்த மென்பொருளுக்கு ஒரு வரிக் கட்டளை எழுதலாம் என்பதும் எனக்குத் தெரியும். மணி நாலு ஐம்பத்தாறு. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். மென்பொருளையே தூக்கிவிட்டேன். போர்ட் நிலைத்து நின்றது.

கடிதம் வந்து முடிந்ததும் மனைவி உட்கார்ந்து பட்டையில் விரல் வைத்தாள்.

"என்னங்க, புள்ளி ஒண்ணும் எழும்பலையே?"

செய்ததைச் சொன்னேன். "இப்பத் திரும்பப் போட்டா கேபிள் போயிடும். பதில் அனுப்ப முடியாது."

கணினியைப் பேசவைத்துக் கேட்கவும் வழியில்லை. ஆங்கில எழுத்தில் மகள் எழுதும் தமிழை அது கடித்துத் துப்பும். மனைவி பட்டையிலிருந்து விரலை எடுக்காமலே இருந்தாள்.

"சரி, படிங்க. எதையும் விடாம."

திரையைப் போட்டேன். "'அம்மா, இது உனக்கு மட்டும்.'" மேலே படித்தேன். "'போன வாரம் சொன்ன மாதிரியே இன்னும் ரெண்டு வருஷம் கப்பல்லயே இருக்கக் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்பாகிட்ட பக்குவமா சொல்றேன்னியே, சொல்லிட்டியா? அவர் நாள் எண்ணிக்கிட்டு இருப்பார்னு நெனச்சா எனக்கு வேலையே ஓடல.'"

போன வாரக் கடிதம் கை தவறி அழிந்துவிட்டது என்று மனைவி சொல்லியிருந்தாள். நானும் நம்பினேன். மகள் வரும் நாளுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் என்று அன்று காலையில்தான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

"மணி என்ன?"

"அஞ்சு ஏழு."

"பதில் போடுங்க."

"என்னன்னு?"

"இன்னும் சொல்லலன்னு. நீங்களே படிச்சீங்கன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

'அப்பாகிட்ட இன்னும் சொல்லல' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ரேடியோவில், அனுப்பும்போது எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் அவள் விரல்கள் வெறும் பட்டையின் மேல் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன.