மைக்செட்காரரும் ஊமைப்படமும்

சித்தூரில் மைக்செட் தாமோதரனைத் தெரியாதவர் இல்லை. கோயில் ஜாத்திரையோ கல்யாணமோ, இருபது வருஷத்தில் அவர் செட்டு ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சமென்ன, நிறையவே உண்டு. வீட்டு நிலவரம்தான் சரியில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டிலிருந்து வாழ வந்த மனைவி சிவசங்கரி இரண்டு மாதமாக அவர் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. "இன்னாடி கோவம்?" என்று ஒயரைச் சுற்றிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அதற்கும் பதிலில்லை. தான் அவளுக்கு வேண்டாதவனாகிவிட்டோமோ என்று மனிதருக்கு உள்ளூர பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பதியில் ஒரு சினிமா சங்கத்துக்குச் செட்டு போட்டார். சங்கத்தை நடத்துகிற ப்ரியம்வதா கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். படம் ஓடத் தொடங்கியது. கறுப்பு வெள்ளையில் ஆட்கள் நடந்தார்கள், வாயை வாயைத் திறந்தார்கள், சத்தம் மட்டும் வரவில்லை. தாமோதரனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், ஏழுமலையானை வேண்டிக்கொண்டார். நாற்பது பேரும் கம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். சித்தூராக இருந்தால் இந்நேரம் விசில் பறந்திருக்கும்.

குனிந்தபடியே ப்ரியம்வதாவிடம் போனார். "சௌண்டு போச்சும்மா. அஞ்சு நிமிசம் டைம் குடுங்க, சரி பண்ணிட்றேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இது ஊமைப்படம். எடுத்த காலத்துலேயே சத்தம் கிடையாது. முடிஞ்சப்புறம் நான் பேசறதுக்குத்தான் மைக். அடுத்த வாரமும் இப்படி ஒண்ணு போடறோம். உட்கார்ந்து பாருங்கோளேன்."

சத்தமே இல்லாத படத்துக்கு ஒரு கூட்டமா என்று தாமோதரனுக்கு ஆச்சரியம். வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்தார். சங்கத்துக்குப் படங்கள் சென்னையிலிருந்து வருவதால், நடுநடுவே பேச்சுக்குப் பதிலாகத் திரையில் தமிழ் எழுத்து வந்தது. வீட்டில் பேசுவது தமிழென்றாலும் அவர் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ்க்காரர்கள் தெலுங்கு எழுத்தைத்தான் ஜிலேபி என்பார்கள், இவருக்குத் தமிழ்தான் ஜிலேபி.

"படிச்சுச் சொல்லட்டுமா?" என்றாள் ப்ரியம்வதா.

"இருக்கட்டும்மா, இன்னாதான் ஆவுதுன்னு நானே பாக்கறேன்."

எழுத்து கைவிட்டதால் முகங்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிழவர் வாசலில் தயங்கிய தயக்கத்திலேயே மகள் வீட்டில் அவருக்கு வரவேற்பில்லை என்று புரிந்துபோனது. அட, புரிகிறதே. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஒரு பெண் எதிரே நின்றவனின் வாயையே இமைக்காமல் பார்த்தாள், ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் குடி முழுகிவிடும் என்கிற மாதிரி. இந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தார். சித்தூர் வந்து சேரும்வரை அது பிடிபடவில்லை.

சிவசங்கரி சோறு போட்டாள். வழக்கமாகப் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர் அன்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை.

அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். பின்னாலிருந்து "சங்கரி" என்றார். திரும்பவில்லை. கையைத் தட்டினார். அதற்கும் திரும்பவில்லை. எழுந்து முன்னால் போய் நின்றார்.

"இன்னா, கொழம்பு வேணுமா?" என்றாள். அந்த முகத்தில் கோபமே இல்லை.

தாமோதரன் தன் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார். அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஊருக்கே சத்தம் குடுக்கற ஆளு நீ," என்றாள். "பொண்டாட்டி செவுடுன்னா சிரிக்க மாட்டாங்களா? அதான் சொல்லல."

அவளை எதிரே உட்காரவைத்து, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நாளைக்கு டாக்டராண்ட போலாம். ஞாயித்துக்கெழம என்கூட திருப்பதிக்கு சினிமாக்கு வா."

"சினிமாவா? எனக்கு இன்னா கேக்கும்?"

"அங்க யாருக்குமே கேக்காது. தமிழ்ல எழுத்து வரும், அது எனக்குத் தெரியாது. நீதான் படிச்சுச் சொல்லணும்."