கன்னத்துச் சிவப்பு

ஒசாகாவில் வீடியோ கேம் படங்களை நாங்கள் வரைவோம் என்று சொல்வதில்லை; புள்ளி அடிப்போம் என்போம். திரையில் வரும் ஓர் ஆளுக்குப் பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள். அதற்கு மேல் கிடையாது.

விளக்கு விற்கும் கைம்பெண் ஒருத்தியை அவற்றுக்குள் அமைத்தேன். கண்கள் வைத்த பிறகு வாய்க்கு இடமில்லை. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்பதை எதைக் கொண்டு காட்டுவது? வெள்ளைக் கன்னத்தின் ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அக்கால டியூப் டிவியில் சிவப்பு தன் கட்டத்துக்குள் அடங்காது. பக்கத்து வெள்ளையில் கசியும். கசிந்தது. முகமே கன்றிச் சிவந்தது. அதற்கு முன் எவரும் அவ்வாறு செய்து நான் கண்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்து அந்த ஆட்டம் புதிய திரைகளுக்காக மறுபடி வெளிவருவதை அறிந்து, பழைய ஊழியர் என்ற முறையில் பார்க்கச் சென்றேன். புள்ளியைக் காணவில்லை. பொறுப்பாளர் செகாவா பணிவாகவே விளக்கினார்: தட்டைத் திரையில் அது பருவைப் போலத் தெரிந்ததாம், கைதவறி விழுந்தது என்று நீக்கிவிட்டார்களாம்.

"கைதவறல. வேணும்னே வெச்சது," என்றேன்.

"வெச்சவரைக் கேட்டுடலாம்னுதான் தேடினோம், ஃபுகாமி சான். ஆட்டத்தோட கடைசியில 'கத்தரிக்காய்'னு பேர் போட்டிருக்கு. காய்கறிக் கடையிலயா போய்த் தேடறது?"

போட்டி நிறுவனங்கள் ஆட்களை இழுத்துக்கொள்ளும் என்று அஞ்சி, எங்கள் இயற்பெயர்களைத் திரையில் போடவிடாமல் தடுத்தது இதே நிறுவனம்.

"நான்தான் அந்தக் கத்தரிக்காய்."

"இதோட நாலு கத்தரிக்காய் வந்தாச்சு," என்றார் செகாவா, சிரிக்காமல்.

டியூப் டிவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கைம்பெண்ணின் முகம் சிவந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா இப்ப யார் வீட்ல இந்த டிவி இருக்கு?"

வெளியீட்டு விழாவில் அந்த டிவியை ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். அருகே கையால் எழுதிய அட்டை: 'பழைய கருவியின் குறைபாட்டால் நேர்ந்த நிறக்கசிவு. வரைந்தவர் தெரியவில்லை.' கசிவு என்பதற்கான ஜப்பானியச் சித்திர எழுத்தில், நீரைக் குறிக்கும் மூன்று புள்ளிகளுள் ஒன்று விடுபட்டிருந்தது. செகாவாவை அழைத்துச் சுட்டிக்காட்டினேன். அவர் பதறிக் குனிந்து மன்னிப்புக் கேட்டார், தூரிகையை வரவழைத்தார்.

அந்தப் புள்ளியை உடனே வைத்துவிட்டார்கள்.