நின்று பார்க்கும் வேலை

விடியற்காலை ஆறு மணிக்கு லொறி வந்து பட்டறையின் பின்கதவோடு ஒட்டி நின்றது. மார்ச் பாதி கடந்தும் குளிர் விடவில்லை. லொறிக்குள் பற்றறிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றும் வளர்ந்த ஆட்டுக்கிடாயின் பாரம். இறக்கும்போது சரியக் கூடாது. சரிந்தால் மூடித் துளை வழியாக அமிலம் கசியும். சத்தியபாமா ஒரு கைப்பிடியையும் உதயகுமாரி மற்றக் கைப்பிடியையும் பிடித்து, உறைந்த படியில் கால் வைக்குமிடம் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

நாற்பதாவதை வைத்ததும் உதயகுமாரி இடுப்பில் கையூன்றி நிமிர்ந்தாள்.

"ஈஸ்டருக்கு வெள்ளைக்காரர் மலையிலை லைற்றைப் போட்டுப்போட்டுக் கொலைக்கதை வாசிக்க, எங்கடை நாரியெல்லோ முறியுது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாமா சிரிக்கவில்லை. சிரிப்பு வராதது அவளுக்குக் கவலையாகவும் இல்லை. பத்து நாளாக அப்படித்தான். சோறு சோறாக இறங்கியது. பஸ் வந்தது, ஏறினாள். கோயிலில் கற்பூரத்தை ஒற்றிக் கண்ணில் வைத்தாள், சூடு தெரியவில்லை.

ஒஸ்லோவின் கிழக்கோரத்தில், நெடுஞ்சாலைக்குக் கீழே இருந்தது அந்தப் பட்டறை. ஈஸ்டர் விடுமுறைக்கு மலை வீட்டுக்குப் போய்க் கொலை, துப்பறியும் கதை வாசிப்பது நொர்வேக்காரரின் வழக்கம். அந்த வீடுகள் பலவற்றுக்கு மின்கம்பி போவதில்லை. கூரையில் சோலார் தகடு, தரையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நான்கு பற்றறியும் அவற்றின் மின்னை வீட்டு விளக்குக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வேர்ட்டரும். அந்தப் பெட்டிகளைத்தான் அங்கே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினார்கள்.

பூட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. சார்ஜ் ஏறிய பற்றறியை ஒரு மணித்தியாலம் மூடி திறந்த பெட்டியில், காற்றாடப் போட்டுவைக்க வேண்டும். அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. ஒரு பொறி பட்டால் போதும். பியூஸைக் கழற்றியபின்தான் வயரைத் தொடலாம். நட்டு முடுக்கும் சாவிகளின் பிடிக்கு மின் கடத்தாத ரேப் நாடா சுற்றியிருக்க வேண்டும். கையில் மோதிரம், காப்பு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் பூட்டுவார். மற்றவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சிவப்பு வயர் சிவப்போடு போகிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா, களைத்துப்போனாரா என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை. கடவுள் மனிதனுக்கு முன்னால் பார்க்க இரண்டு கண்ணைக் கொடுத்தார்; மிச்சத்தைப் பார்க்கப் பக்கத்து மனிதனைக் கொடுத்தார்.

முதலாளி தில்லைநாதனைக் கெட்டவர் என்றால் அது பொய். எண்பதுகளின் கடைசியில் வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் கத்தி பிடித்தவர். தேருக்கு முதலாளாக வடம் தொடுகிறவர். இந்தப் பட்டறையிலிருந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு, விசாவுக்கு வேலைக் கடிதம் தேவைப்பட்ட நாளில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. ஆனால் பெட்டிகளை வாங்கும் பெரிய கடை புதுவருடத்தோடு விலையைக் குறைத்தது. அவர் மணிக்கூலியை நிறுத்திப் பெட்டிக் கூலி ஆக்கினார். இரண்டு பேர் நின்ற மேசையில் ஒருவரை விட்டார். எவ்வளவு ஓடிச் செய்தாலும் பழைய சம்பளத்தை ஒருவராலும் எட்ட முடியவில்லை.

ஆறு வருடமாகப் பாமா நின்றது செபஸ்ரியனின் மேசையில். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கரண்ட் இல்லாத வருடங்களில் யாழ்ப்பாணத்தில் பற்றறிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க மீற்றர் ஏது? ஒரு துண்டு வயரை இரண்டு முனையிலும் தட்டிப் பொறியைப் பார்ப்பார்கள். நீலப் பொறி என்றால் இரவு முழுக்க ரேடியோ கேட்கலாம். அந்தக் கை பதினைந்து வருடம் ஒஸ்லோவில் இருந்தும் மறக்கவில்லை. கையில் வயர்த்துண்டு அகப்பட்டதும் அது தானாக எழும்பும். பாமா, "வேண்டாம் அண்ணை," என்பாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு வயரை வைத்துவிடுவான். ஆறு வருடத்தில் எத்தனை 'வேண்டாம்' என்று அவளுக்கும் தெரியாது.

பத்து நாட்களுக்கு முன் அவள் அடுத்த மேசையில், அவனுக்கு முதுகு காட்டி நின்றாள்.

வெடிச் சத்தம் கேட்டதும் அங்கிருந்த தமிழர் அத்தனை பேரும் தரையில் விழுந்து படுத்தார்கள். யாரும் சொல்லவில்லை, உடம்புக்குத் தெரிந்திருந்தது. பாமாவும் தலையைக் கையால் மூடிக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்தாள். நிமிர்ந்தபோது போலந்துக்காரன் மாரெக் ஒருவன்தான், முகத்தில் அமிலம் தெறித்த செபஸ்ரியனைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தான். அதன்பிறகு அவள் ஓடினாள். அம்புலன்ஸ் வரும்வரை அவனுடைய இமைகளை விரல்களால் விரித்துத் தண்ணீருக்குள் பிடித்தபடி நின்றாள். வலது கண் தப்பியது. இடது கண்ணைப் பற்றி வைத்தியர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பி நேரத்தில் தில்லைநாதன் ஒரு தாளோடு வந்தார். நொர்வேஜிய மொழியில் நாலே வரி. செபஸ்ரியன் அறிவுறுத்தலை மீறிப் பற்றறியில் பொறி தட்டினார். பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை. இதை நான் நேரில் கண்டேன். கீழே எட்டுப் பேருக்கும் கோடு போட்டிருந்தது. முதற் கோடு பாமாவுக்கு.

"நான் காணேல்லை, அண்ணை. முதுகு காட்டிக்கொண்டெல்லோ நிண்டனான்."

"காணாட்டில் என்ன, நடந்தது அதுதானே. உதிலை பொய் எண்டு ஒரு சொல்லைக் காட்டுங்கோ பாப்பம்."

அவளால் காட்ட முடியவில்லை. விபத்து நிறுவனத்தின் பிழை என்று பதிவானால் கடைக்காரன் ஓடரை நிறுத்திவிடுவான், எட்டு வீட்டு அடுப்பு எரியாது என்று அவர் மெதுவாக, வருத்தத்தோடுதான் சொன்னார். செபஸ்ரியன் வீட்டுக்குத் தானே இரண்டு முறை சாமான் வாங்கிக்கொண்டு போனதையும் சொன்னார். அது உண்மை. சொந்தப் பிழை என்று எழுதினால் அவனுக்கு வரவேண்டிய வேலைக் காயத்துக்கான உதவி குறையும், ஒருவேளை வராமலே போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றுவிட்டுப் போனார்.

ஞாயிறு பின்னேரம் பாமா எல்லிங்ஸ்ருட்டில் இருந்த செபஸ்ரியன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மரியரஞ்சனி, செபஸ்ரியனின் மனைவி, அவளுடைய சப்பாத்தை எடுத்துச் சூடேற்றிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. வெளிச்சம் பட்டால் அவனுக்குக் கண் எரியும். கட்டுப்போட்ட முகத்தோடு சோபாவில் இருந்தவன் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தான்.

"பாமாவோ? இரு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டுவினம். நான் சூரியனாலையே கண்ணைக் கெடுத்தவன்."

சமையலறையிலிருந்து மரியரஞ்சனி, இந்தப் பகிடியை வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள். பாமா தாளைப் பற்றிச் சொன்னாள். தரையில் விழுந்து கிடந்ததையும், அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"சத்தம் கேட்டு விழாட்டில் நீ எங்கடை ஊர்ப் பிள்ளையே? கையெழுத்தை வை. நான் செய்ததுதானே. வயரைத் தூக்கேக்கை ஒரு நிமிஷம் நிண்டனான், பாமா. நீ சொல்லுவாய் எண்டு. ஒரு சத்தமும் வரேல்லை. சரி, பிழையில்லையாக்கும் எண்டு தட்டிப்போட்டன்."

குற்றம் சொல்லுகிற குரலே இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னான். பிறகு, ரஞ்சனியிடம் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடச் சொன்னான். பாமா தேத்தண்ணியைக் குடித்தாள். போகும்போது, சூடேறிய சப்பாத்துக்குள் கால் நுழைந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. பதினோரு நாளைக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று தெரிந்தது.

திங்கட்கிழமை கோப்பி நேரத்தில் அவள் தாளைத் திருப்பி மறுபக்கத்தில் எழுதத் தொடங்கினாள். அவளுடைய நொர்வேஜியம் மெதுவானது. ஆறு வருடம் நான் செபஸ்ரியனுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜனவரியில் என்னை அங்கிருந்து எடுத்தார்கள். அன்று அவருக்கு வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. இப்போது எங்களில் ஒருவருக்கும் இல்லை.

மதுரன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். முப்பது வயது; அங்கே எல்லாரிலும் கை வேகமானவன் அவன்தான். வீட்டுக் கடன் கழுத்தில் இருந்தபடியால் பெட்டிக் கூலியைப் பற்றி இதுவரை வாய் திறக்காதவன். அவன் பேனையை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"உப்பிடிப் பிழையோடை குடுத்தால் சிரிப்பாங்கள், அக்கா," என்று மூன்று சொற்களைத் திருத்தினான். பிறகு பேனையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தன் பெயரை எழுதினான். எழுதியதைத் தானே நம்பாதவன்போல மறுபடி வாசித்தான். உதயகுமாரி அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். மாரெக் தனக்கு விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தன் பெயரை எழுதினான். மிச்சப் பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

தில்லைநாதன் வந்தபோது தாளின் அந்தப் பக்கத்தில் எட்டுப் பெயர் இருந்தது.

"என்ன பாமா உது?"

"நீங்கள் எழுதினது பாதி, அண்ணை. மற்றப் பாதி இது."

அவர் வாசித்தார். முகம் சிவக்கவில்லை, வெளிறியது. "விசாவுக்குக் கடிதம் தரேக்கை மற்றப் பாதியைக் கேட்டனீங்களே?"

"இல்லை. அந்த உதவியைச் சாகுமட்டும் மறவம். அதுக்கு எங்கடை கண்ணைத் தரேலாது."

"நிண்டு பாக்கிறவருக்கும் சம்பளம் குடுத்தால் நான் பட்டறையைப் பூட்டிப்போட்டுக் கோயில் வாசல்லைதான் இருக்க வேணும். சும்மா நிக்கிறதுக்கு எந்த ஊரிலை காசு?"

"நிண்டு பாக்கிறது சும்மா எண்டால்," என்றாள் உதயகுமாரி, "நாள் முழுக்க எங்களை நிண்டு பாக்கிறியளே, அதுக்கு என்ன பேர், அண்ணை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பாமா தாளை மடித்தாள். நாளைமுதல் ஒரு மேசைக்கு இரண்டு பேராகத்தான் நிற்போம் என்றும், இதை அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்புக் கந்தோரில் கையோடு கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னாள். அவள் குரல் உயரவில்லை.

தில்லைநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "வேலை நேரம். உதைக் கொண்டு இப்ப அந்தக் கதவாலை போறவை திரும்பி வரத் தேவையில்லை."

பாமா தன் ஜக்கெற்றை எடுத்தாள். தனியாகப் போவதென்றுதான் நினைத்திருந்தாள். அதற்குள் மாரெக் சுவரோரம் போய்ச் சார்ஜர்களை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கினான். உதயகுமாரி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. மதுரன் பெட்டி பெட்டியாகக் குனிந்து பியூஸ்களைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தான். ஒருவர் கழற்ற ஒருவர் பார்த்தார். சாவிகளைப் பொறுக்கினார்கள், பாதியில் நின்ற வயர் முனைகளுக்கு ரேப் சுற்றினார்கள். ஒருவரும் யாரையும் ஏவவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். தில்லைநாதன் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பாமா திரும்பினாள்.

"அண்ணை, ஒரு மணித்தியாலத்துக்கு ஒண்டையும் தொடாதேங்கோ. இது தனிய நிண்டு செய்யிற வேலை இல்லை."

அவர் மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்தார்.

பாதை கண்ணாடிபோல உறைந்திருந்தது. வேலை உடுப்போடு எட்டுப் பேரும், விழாமல் இருக்க ஆளையாள் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். நாளைக்கு அந்தக் கதவு திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. கடை ஓடரை நிறுத்தக்கூடும். செபஸ்ரியனின் இடது கண் இன்னும் கட்டுக்குள் இருந்தது. தூரத்தில் பஸ் வளைவு திரும்பியபோது, அந்தக் கந்தோருக்கு எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்று மாரெக் கேட்டான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருமே அங்கே போனதில்லை.

"ஏறுவம்," என்றாள் பாமா. "கேட்டுக் கேட்டுப் போவம்."