பக்கத்தில் நின்றவன்

டாக்டர் ஹாலிஸ் கையெழுத்துப் போட்டால் ரூஃபஸ் கில்லியம் இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டலாம். போடாவிட்டால் அன்றோடு சரி. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவன் மனைவி லவோனியாவுக்குக் காலையிலிருந்தே ரெண்டு மனசு.

கையெழுத்து கிடைத்துவிடக் கூடாதே என்று ஒரு மனசு. கிடைக்காவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவான் என்று இன்னொரு மனசு. பதினோரு வருஷம் தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால், கையால் பந்தெறிகிற ஆட்டம், ஆடியவன். பந்து எறிபவன்மேல் எதிரி பாயாதபடி முன்வரிசையில் நின்று முட்டி மோதுவது அவன் வேலை. பேரும் புகழும் எறிந்தவனுக்கு, இடியெல்லாம் இவனுக்கு. எல்லாம் ஓய்ந்து மிசிசிப்பிக்குத் திரும்பி வந்தபின் அவனுக்கு மிச்சமிருந்தது, வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி அணியையும் பேண்டு வாத்தியக் குழுவையும் வெளியூர் மைதானத்துக்கு ஏற்றிப்போகும் அந்த மஞ்சள் பஸ் ஒன்றுதான்.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வரும்போது, தண்ணீர்த் தொட்டிப் பிரிவில் காரை நிறுத்திவிட்டான். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் ரூ, நின்னுட்ட?"

"சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

அங்கே பார்க்க என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி! வலப்பக்கம் திரும்பினால் வீடு. கல்யாணம் ஆனதிலிருந்து திரும்பும் திருப்பம். அது அவனுக்குத் தெரியவில்லை என்று உறைத்ததும் அவளே வழி சொல்லிக் கூட்டிவந்தாள்.

இன்றைக்கு "துணைக்கு வரேன் அண்ணி" என்று கார்னெலும் ஒட்டிக்கொண்டான். ஆடின காலத்தில் ரூஃபஸுக்கு அடுத்த இடத்தில் தோளோடு தோள் நின்றவன். இப்போது பள்ளி அணிக்குக் கோச். டாக்டரின் அறையில் ரூஃபஸுக்குப் பக்கத்து நாற்காலியில், அதே பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"கேள்வித்தாளெல்லாம் அப்புறம்," என்றாள் டாக்டர். இதே ஊர்ப் பெண். "நான் இப்ப உங்க பஸ்ல ஏறிட்டேன்னு வெச்சுக்கங்க. ஸ்கூல் கேட்டைத் தாண்டியாச்சு. மைதானத்துக்கு எந்தப் பக்கம் திருப்புவீங்க?"

ரூஃபஸ் ஒரு கணம் சும்மா இருந்தான். பிறகு, "வலது."

"பருத்தி ஆலை வந்தா?"

மறுபடி அந்த ஒரு கணம். "இடது."

"கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவாரு டாக்டர்!" என்று கார்னெல் சிரித்தான்.

லவோனியாவுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, மேஜைக்கு அடியில் பார்க்கும் வரை. டாக்டர் அடுத்தடுத்த திருப்பங்களைக் கேட்கக் கேட்க, கார்னெலின் ஷூ ரூஃபஸின் ஷூவைத் தட்டியது. ஒரு தட்டு. "வலது," என்றான் ரூஃபஸ். ரெண்டு தட்டு. "இடது."

அட பாவி!

இந்தத் தட்டு அவளுக்குத் தெரியாததா? வீட்டில் கறி சுடும்போதெல்லாம் கார்னெல் சொல்லும் கதைதானே இது. மழையில் ஒரு ஆட்டம். மண்டையில் வாங்கிய மோதலில் ரூஃபஸுக்குத் தலை கிறுகிறுத்துப் போனது. எந்தப் பக்கம் பாயச் சொன்னார்கள் என்றே நினைவில்லை. தெரிந்தால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். கார்னெல் அவன் இடுப்பில் தட்டினான்: வலதுக்கு ஒன்று, இடதுக்கு ரெண்டு. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. 'மூணு சீசன் அண்ணன் என் விரல்லதான் ஆடினாரு' என்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

"கார்னெல், இந்த ஏசி என் மேலயே அடிக்குது. கொஞ்சம் மாறி உக்காரேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முறைத்தான் என்றே சொல்லலாம். டாக்டர் முன்னால் என்ன செய்வான், எழுந்துதான் ஆகவேண்டும். ரூஃபஸுக்குப் பக்கத்தில் அவள் போய் உட்கார்ந்தாள்.

"ஆட்டம் முடிஞ்சு பஸ்ஸை ஸ்கூல்ல விட்டாச்சு. நீங்க வீட்டுக்குப் போறீங்க," என்றாள் டாக்டர். "தண்ணீர்த் தொட்டிப் பிரிவு. எந்தப் பக்கம்?"

அவன் வீடு. அவள் வீடு. ரூஃபஸ் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் முழங்கால் மெல்ல நகர்ந்து வந்து அவள் காலைத் தொட்டது. தொட்டபடி காத்திருந்தது.

கடவுளே, ஒரே ஒரு தட்டு. அவள் கால் துடித்தது. இரண்டு கையாலும் தன் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தினான், கெஞ்சுகிற மாதிரி. அவள் கால் அசையவில்லை.

"அவசரமில்ல," என்றாள் டாக்டர்.

ரூஃபஸ் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பெரிய முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

"தெரியல," என்றான். "டாக்டர், எனக்குத் தெரியல."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் கார்னெல் வெடித்துவிட்டான். "ஒரு தட்டு அண்ணி! ஒரே ஒரு தட்டு! மனசு வரலையா உங்களுக்கு? நீங்கள்லாம் ஒரு பொண்டாட்டியா?"

"உன் பொண்ணு ட்ரம்மைத் தூக்கிக்கிட்டு அந்த பஸ்லதான் ஏறுறா, கார்னெல்."

"அதுக்காக? பக்கத்துல உக்காந்துக்கிட்டே அண்ணனைக் கைவிட்டுடறதா? எங்க வரிசையில அதைவிடக் கேவலம் ஒண்ணு கிடையாது, தெரியுமா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அவளைத் திட்டாதடா," என்றான் ரூஃபஸ்.

"இல்லண்ணே, நான் பக்கத்துல இருந்திருந்தா..."

"நீ இருந்தல்ல, அந்த மழை ஆட்டத்துல." ரூஃபஸின் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. யோசித்து யோசித்துச் சொன்னான். "அன்னிக்கு நீயும் தட்டாம இருந்திருக்கலாம்டா. என்னை வெளிய உக்கார வெச்சிருப்பாங்க. தலை தப்பிச்சிருக்கும்."

அந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ தடவை எல்லாரையும் சிரிக்க வைத்த கார்னெல், சுவரோரம் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ரூஃபஸ் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். லவோனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரை வாசலுக்குக் கொண்டுவரப் போனாள்.