டைரக்ட் பாக்ஸும் மாமனாரின் இருமலும்

பாட்டுக் குழுவில் அவனைத் தடிக்கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிகளோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியதால் வந்த பெயர். ஆள் என்னவோ ஒல்லிதான். மேடையில் வயர் மாட்டுவதெல்லாம் வேறு ஆட்களின் வேலை. அவரவர் பங்கை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புவது என்று குழுவில் முடிவானபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

அதற்கென்றே ஒரு டைரக்ட் பாக்ஸ் வாங்கினான். கைக்கடக்கமான இரும்புப் பெட்டி. கிட்டார் வயரை அதில் செருகி, அதன் வழியாகக் கணினிக்குக் கொண்டுபோனால் மைக்கே வேண்டாம். கம்பியின் ஒலி மட்டும் போய்ச் சேரும். தன் காதுக்கும் கேட்கட்டும் என்று பெட்டியிலிருந்து ஆம்ப் என்ற ஒலிபெருக்கிக்கும் ஒரு வயர் இழுத்தான். உடனே காதுக்குள் வண்டு புகுந்தமாதிரி ஓர் இரைச்சல். வேறு வயர் போட்டுப் பார்த்தான், பிளக்கை மாற்றிச் செருகிப் பார்த்தான். போவதாக இல்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். 'இத்தனை வருஷம் வாசிச்சவனுக்கு இதுகூடத் தெரியலையா' என்பார்களே என்று வாய் வரவில்லை. பெட்டியை அலமாரியில் தள்ளிவிட்டு, "ஆம்ப் முன்னால மைக் வச்சாத்தான்பா உயிர் இருக்கும்" என்று குழுவில் அளந்துவிட்டான்.

மைக் எதையும் விடுவதில்லை. குழாய்ச் சத்தம், கதவுச் சத்தம், எல்லாம் உள்ளே போயிற்று. எல்லாவற்றையும்விட, பக்கத்து அறையில் இருந்த மாமனாரின் இருமல். பழைய நெஞ்சுச் சளி. வந்தால் அடக்க முடியாது. முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு உச்சுக்கொட்டினான். ஒருநாள் கத்தியே விட்டான். அதன்பிறகு அவன் கிட்டாரை எடுத்தாலே அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். மனைவி தன் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்துவாள்.

எல்லாருடைய பதிவுகளையும் ஒன்றாகக் கலந்து பாட்டாக முடிக்கும் பெண் ஒரு காலையில் கூப்பிட்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மூணாவது பாட்டுல ஒரு இடைவெளி வருதுல்ல, அங்க யாரோ இருமுறாங்க. அதுக்கப்புறம் உங்க குரல் கேக்குது."

"என் குரலா? என்ன சொல்றேன்?"

அவள் தயங்கினாள். "நீங்களே கேட்டுக்கங்கண்ணே. நீங்க அனுப்பின ஃபைல் எல்லாருக்கும் போயிருச்சு, அதான் முதல்ல உங்ககிட்ட சொல்லிரலாம்னு."

கேட்டான். 'யோவ், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டுக் கிடக்க முடியாதா?' குழு முழுக்க இதைக் கேட்டிருக்கிறது. மாமனாரை அவன் 'யோவ்' என்றிருக்கிறான். கத்தியது நினைவிருக்கிறது; என்ன சொன்னோம் என்பதோ, அதை வெட்டாமல் அனுப்பியதோ அவனுக்கே நினைவில்லை. காது மடல் சுட்டது.

திரும்ப அவளைக் கூப்பிட்டு, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"ஆம்ப்புக்கும் வயர் போகுதா? அப்ப எர்த் ரெண்டு பக்கமும் சுத்துது, அதான் இரையுது. பெட்டிப் பக்கவாட்டுல குட்டியா ஒரு சுவிட்ச் இருக்கும், 'லிஃப்ட்'னு போட்டிருக்கும். அதைத் தள்ளுங்க, ஒரு பக்கத்து எர்த் அறுந்துரும்."

பெட்டியை எடுத்துத் துடைத்து மாட்டினான். நகத்தால் தள்ளினான். டக். இரைச்சல் அடங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று தோன்றியபோது சந்தோஷம் வரவில்லை. இந்த ஒரு சுவிட்சுக்காக ஒரு மனுஷனை வீட்டைவிட்டு வெளியே உட்கார வைத்திருக்கிறோம்.

வெளியே போனான். மாமனார் சுவரில் சாய்ந்திருந்தார். கீழ்வீட்டுக்காரர் ஒருவர் ஒரு படி கீழே உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"மாமா, உள்ள வாங்க. இனிமே நீங்க எவ்வளவு வேணும்னாலும் இருமலாம். பதிவுல விழாது."

"அப்படியா? எப்படி மாப்ளே?"

"ஒரு பெட்டி இருக்கு. முன்னாடியே இருந்துச்சு. எனக்குத்தான் மாட்டத் தெரியல. கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு... அன்னைக்கு உங்களை மரியாதையில்லாமப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க மாமா."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அட, விடுங்க மாப்ளே. தொழில்னா கோவம் வரத்தான் செய்யும்."

"கோவம் இல்ல மாமா. தெரியாததை மறைச்சேன்."

அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க வாசிங்க. இங்க காத்து நல்லா வருது. பேச்சுத்துணைக்கும் ஆள் இருக்கு. நான் அப்புறமா வர்றேன்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே அந்தப் படிக்கட்டு அவருக்குப் பழகிப்போயிருந்தது. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

உள்ளே வந்து மூன்றாவது பாட்டை மறுபடி வாசித்து அனுப்பினான். சுத்தமாக இருக்கிறது என்று அந்தப் பெண் பதில் போட்டாள். குழுவில் ஒருவரும் அந்தப் பழைய ஃபைலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஒத்திகையில் எல்லாரும் அவனிடம் முன்கோபக்காரனிடம் பேசுவதுபோல வழக்கத்தைவிடப் பணிவாகப் பேசினார்கள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான்.